‘என் சரித்திர’த்தில் துணிவும் துணைவலியும்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய ‘என் சரித்திரம்’ தமிழாசிரியர்களாகிய நமக்குப் புதிய நூலன்று. பரிசளிப்பு விழாக்களிலும் மொழி விழாக்களிலும் அவர் பெயரை நாம் எடுத்து மொழியாத ஆண்டில்லை. ஆங்கிலம் படி என்றனர் சிலர், வடமொழி படி என்றனர் வேறு சிலர், இசை பயில வேண்டும் என்று விரும்பினார் தந்தையார், இளைஞரோ எவர் பேச்சையும் கேளாமல் தமிழை நாடிச் சென்றார், வென்றார். ஆகவே மாணவர்களே, நீங்களும் துணிந்து உங்கள் மனம் போன வழியே செல்லுங்கள் என்று கூறி அமர்கிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நானும் இவ்வாறே பேசி வந்தவன்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியின் பரிசளிப்பு விழாவிலும் இதையே பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மூத்த மகள் எங்கள் பள்ளியில் பயின்றவள். எஸ்.பி.எம். தேர்வில் நன்கு தேறியிருந்தாள். கணக்கியல் டிப்ளோமா படிக்க அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. அவளோ அதை விட்டுவிட்டு ஆறாம் படிவத்தில் சேர்ந்து, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலப் போவதாக உறுதியாய் நின்றாள். தந்தை என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஐயா, நீங்க சொன்ன கதை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பெரியவரு அத்தனை வருஷம் படிச்சப்ப அவருக்குச் சோறு போட்டது யாருங்க?”

“அவருடைய ஆசிரியர்தான்” என்றேன்.

“வாத்தியாரு வீட்டுலயே சாப்பாடுங்களா?”

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. நூலில் அவ்வாறு படித்த நினைவு இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, அன்றிரவே நூலை எடுத்து விரித்தேன். மாணவனுக்கு விடை தேடப் படிப்பது ஒருவகை. மாணவனின் தந்தைக்கு விடை தேடப் படிப்பது மற்றொரு வகை. பல முறை படித்த நூல் அன்று எனக்கு வேறு நூலாகத் தோன்றியது. அவ்வாறு தோன்றியதை ஆசிரிய அன்பர்களின் ஆராய்ச்சிக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வென்றவர் எழுதிய வரலாறு

முதலில் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். இந்நூல் 1940ஆம் ஆண்டு முதல் ‘ஆனந்த விகட’னில் வாரந்தோறும் வெளிவந்தது. ஐயர் 1855இல் பிறந்தவர். எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்தாம் வயது நடந்துகொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தமையால் 122 அத்தியாயங்களோடு வரலாறு நின்றுவிட்டது. நூல்வடிவில் அது வந்தது 1950இல்.

சீவகசிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவற்றைப் பதிப்பித்து முடித்து, மகாமகோபாத்தியாயப் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்ற பின்னர் எழுதிய வரலாறு இது. மலையுச்சியில் நின்று ஏறி வந்த பாதையைப் பார்ப்பவனுக்குப் பாதையின் ஒவ்வொரு வளைவும் உச்சிக்கே வந்ததாகத் தோன்றும். அடிவாரத்தில் நிற்பவனுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. நம் மாணவர் நிற்பது அடிவாரத்தில். ஆகையால் இந்நூலைக் கற்பிப்பவர், அதன் முடிவை மறந்துவிட்டு, 1871ஆம் ஆண்டில் நின்று அதைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

அந்த ஆண்டில் நிலைமை யாது? இளைஞருக்குப் பதினேழாம் வயது நடக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1868இல், திருமணம் ஆகிவிட்டது. அதற்கு வாங்கிய கடன் தீரவில்லை. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். இராமாயணப் பிரசங்கம் செய்து, ஊர் ஊராகக் குடும்பத்தோடு பெயர்ந்து வாழ்ந்தவர். ஆங்கிலம் கற்றால் இவ்வுலகிற்குப் பயன், வடமொழி கற்றால் மறுவுலகிற்குப் பயன் என்று உறவினர் பேசிக்கொண்ட காலம் அது. தமிழுக்கு இரண்டு உலகிலும் இடமில்லை. இத்தகைய நிலையில்தான் தந்தையும் மகனும் மாயூரத்திற்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் முன் நின்றனர்.

தந்தையும் மகனும் என்று எழுதினேன். மேடையில் நாம் சொல்லும் கதையில் மகன் மட்டுமே செல்கிறான். நூலில் அவ்வாறில்லை.

வள்ளுவர் காட்டும் நால்வகை வலி

துணிவைப் பற்றிப் பேசுவோர் திருக்குறளில் ஊக்கமுடைமை, வினைத்திட்பம் என்னும் அதிகாரங்களை நாடுவர். வலியறிதல் என்னும் அதிகாரத்தை நாடுவோர் குறைவு. ஒரு வினையைத் தொடங்குமுன் நான்கு வலிமைகளைச் சீர்தூக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர்: செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்ப்பவன் வலிமை, துணை நிற்போர் வலிமை. அரசனுக்குச் சொன்ன அறம் இது. எனினும் வாழ்க்கைத் துறையைத் தேர்ந்தெடுக்கும் இளைஞனுக்கும் இதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை. இதைக் கொண்டே ஐயரின் துணிவை அளந்து பார்க்கலாம்.

செயலோ கடினமானது. இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்பிக்கும் பள்ளிகள் அருகியிருந்த காலம். பல நூல்கள் ஏட்டுச்சுவடியில் இருந்தன. கற்றவர் ஒருவரை அடுத்து, அவர் செல்லும் இடமெல்லாம் உடன்சென்று கேட்டால்தான் கல்வி.

தன் வலிமையை அவர் அறியாமலும் செல்லவில்லை. அரியிலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ்ச்சுவை கண்டவர். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டுச் செய்யுள் இயற்றப் பழகியவர். பிள்ளையவர்கள் முதல் நாளிலேயே நைடதத்தில் ஒரு செய்யுளைச் சொல்லிப் பொருள் கூறச் சொன்னார். அச்சத்தில் குரல் நடுங்கினாலும் இளைஞர் சொன்னார். வெறும் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் மாயூரம் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்த்த பயிற்சியையும் எடுத்துச் சென்றார். ஆர்வம் ஒன்றிருந்தால் போதும் என்று சொல்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

எதிர்ப்பு என்பது ஓர் ஆளாக வந்து நிற்கவில்லை. வறுமையாகவும் கடனாகவும் ஊராரின் ஐயமாகவும் வந்தது. அம்மை நோயாகவும் வந்தது. அதனால் பாடம் தடைப்பட்டு, உறவினர் ஊரில் கிடக்க நேர்ந்தது.

நான்காவதாகிய துணைவலிக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

சோறு போட்டவர்

முதல் சந்திப்பைப் பற்றிய அத்தியாயத்தை மீண்டும் படித்தபோது நான் வியப்படைந்தேன். தொழிலாளி கேட்ட கேள்வியைப் பிள்ளையவர்களே அன்று கேட்டிருக்கிறார். மாணவரைச் சேர்த்துக்கொள்வதற்கு அவர் தயங்கியதற்குரிய காரணங்கள் இரண்டு. பலர் வருகின்றனர், சில நாள் படித்துவிட்டுச் சொல்லாமலே போய்விடுகின்றனர் என்பது ஒன்று. மாணவரின் உணவுக்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தாம் தங்கும் நாள்களில் குறைவின்றிப் பார்த்துக்கொள்ள இயலும். மாயூரத்தில் அவ்வசதி தம்மிடம் இல்லை என்று வெளிப்படையாகவே கூறினார். அக்காலச் சாதி வழக்கப்படி, பிராமண மாணவர் பிள்ளையவர்கள் வீட்டில் உண்ண இயலாது. அதனால்தான் ஆசிரியர் வீட்டில் சாப்பிட்டதாக நூலில் நான் படித்த நினைவு இல்லை.

அப்போது வேங்கடசுப்பையர் சொன்ன மறுமொழியே இந்நூலின் அச்சாணி என்று நான் கருதுகிறேன். உணவைப்பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டா, அதற்கு வேண்டிய பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன் என்பது அவர் கூறியதன் கருத்து. பணமுள்ளவர் இதைச் சொன்னால் அதில் சிறப்பொன்றுமில்லை. மகனின் கல்யாணக் கடனையே அடைக்க வழியறியாத ஒருவர் சொன்னார் என்பதைக் கருதும்போதுதான் அதன் பெருமை விளங்கும். மகன் இழப்பதற்கு அன்று அதிகமில்லை. இழக்க நேர்ந்தால் தந்தைதான் இழந்திருப்பார்.

அவர் விட்டுக்கொடுத்தது பணம் மட்டுமன்று. மகன் இசைவாணனாக வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய விருப்பம். மாயூரத்தில் நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தமையால், தமிழோடு இசையும் பயிலலாம் என்று மகனை அவரிடம் அனுப்பினார். இசைப் பயிற்சியைப் பிள்ளையவர்கள் விரும்பாமையால் மகன் அதை நிறுத்திவிட்டார். தந்தையின் கனவு அதனோடு நின்றது. நூல் இதற்காக நீண்ட புலம்பல் எதையும் நிகழ்த்தவில்லை. நிகழ்ந்ததைச் சொல்லிவிட்டு நகர்கிறது. ஐயரின் உரைநடைக்குள்ள வலிமை இதுவே. உணர்ச்சியைத் தாம் சொல்லாமல், நிகழ்ச்சியைச் சொல்லி, உணர்வதைப் படிப்பவனிடம் விட்டுவிடுகிறார். நாமோ அவசரத்தில் நிகழ்ச்சியையும் விட்டுவிடுகிறோம்.

தந்தைக்கு அடுத்து ஆசிரியர். ஆசிரியர்க்கு அடுத்துத் திருவாவடுதுறை மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். இடையில் கல்யாணக் கடனை அடைப்பதற்காகப் பாடத்தை நிறுத்திவிட்டு, காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து பொருளீட்டிய செய்தியையும் ஐயர் மறைக்கவில்லை. இலட்சியப் பாதையில் சென்றவர் கடனுக்காகச் சில காலம் விலகி நின்றார். பின் மீண்டும் வந்து சேர்ந்தார். விலகியதைத் தோல்வி என்று அவர் எழுதவில்லை. நம் மாணவர்க்குக் கூறத்தக்க செய்தி இதுவாகும். வேலைக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பும் இளைஞனைப் பாதி வழியில் விட்டவன் என்று நாம் எள்ளுவது தகாது.

1871 முதல் 1880 வரை ஒன்பது ஆண்டுகள். அதன்பின்னரே கும்பகோணம் கல்லூரியில் நிலையான வேலை கிடைத்தது. அதுவும் தாமே தேடிப் பெற்றதன்று. அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது தம் இடத்திற்கு இவரைப் பரிந்துரைத்தார். சுப்பிரமணிய தேசிகர் பிரிய மனமில்லாதிருந்தும் விடைகொடுத்தார். ஒருவர் இடம் விட்டார், ஒருவர் வழி விட்டார், ஒருவர் சென்றார்.

இரண்டாவது துணிவு

இதனினும் பெரிய துணிவொன்று பின்னர் வருகிறது. அதை நாம் ‘தமிழ்த்தொண்டு’ என்ற பெயரால் குறிப்பதால் அதிலுள்ள துணிவு கண்ணுக்குப் படுவதில்லை. 1880ஆம் ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியார் அதில் மகிழ்ச்சி காட்டவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். ஒன்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த கல்வி போதாது என்று ஒரே சந்திப்பில் தெரிந்தது. இருபத்தைந்து வயதில், கல்லூரி வேலையில் அமர்ந்த பின்னர், அதை ஒப்புக்கொண்டு மீண்டும் மாணவராகத் தொடங்கினார் அவர். சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண காவியத்தின் பொருளுணரச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதல் துணிவை ஏற்றபோது அவருக்கு வருவாய் இல்லை, பிறர் தாங்கினர். இரண்டாவது துணிவை ஏற்றபோது மாதச் சம்பளம் தாங்கியது. நிலையான வேலை இளைஞனின் கனவைக் கொன்றுவிடும் என்று சொல்வோரும், நிலையான வேலையே வாழ்க்கையின் முடிந்த முடிபு என்று சொல்வோரும் இவ்விடத்தைப் படித்தல் நலம். ஐயரிடத்தில் வேலை கனவைக் கொல்லவும் இல்லை. கனவுக்கு ஈடாகவும் ஆகவில்லை. கனவைச் சுமக்கும் வண்டியாக அது நின்றது.

நூல் குறைவாகச் சொல்பவை

நூலின் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடன். மேற்கூறிய துணைவலியில் பெண்டிர் பங்கு மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. மகன் பிரிந்திருந்த ஆண்டுகளில் தாயார் எவ்வாறு குடும்பம் நடத்தினார்? கணவர் எப்போது சம்பாதிப்பார் என்று தெரியாத நிலையில் அந்த இளம் மனைவி என்ன நினைத்திருந்தார்? ஆங்காங்கே சில குறிப்புகள் உண்டு; நிறைவான சித்திரம் இல்லை. அக்கால வழக்கம் என்று அமைதி கூறலாம். ஆயினும் வீட்டின் பெரும்பங்கு சுமையைத் தாங்கியவர்கள் நூலின் சிறு பங்கிலேயே நிற்கின்றனர்.

மற்றொன்று, அதே வழியில் சென்று அதே முடிவைப் பெறாதவர்கள். அவர்களில் தலையாயவர் ஆசிரியரே. இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைக் கடன் தொல்லை கடைசிவரை விடவில்லை. 1876இல் அவர் மறைந்தார். தமிழையே துறையாகக் கொண்ட இருவருள் ஒருவர் கல்லூரிப் பதவி வரை உயர்ந்தார். மற்றவர் புகழ் பெற்றும் கடனாளியாய் மறைந்தார். துணிவிலோ புலமையிலோ ஆசிரியர் மாணவர்க்குக் குறைந்தவரல்லர். வெற்றி ஒன்றைக் கொண்டே துணிவை அளப்போமாயின் பிள்ளையவர்களை எங்கே வைப்போம்? இதற்கு ஐயர் விடை தந்திருக்கிறார். தம் வரலாற்றை எழுதுமுன்பே, 1933, 1934ஆம் ஆண்டுகளில், ஆசிரியரின் வரலாற்றை இரு பாகமாக எழுதி வெளியிட்டார். தாங்கியவரின் கதையை முதலில் சொல்லிவிட்டுத் தம் கதையைப் பின்னர்ச் சொன்ன வரிசை நம் கவனத்திற்குரியது.

ஒரு தடை

இவ்வாறு கணக்குப் பார்த்தால் ஏழைப் பிள்ளை எவனும் துணிய மாட்டானே என்று அன்பர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேங்கடசுப்பையரும் ஏழைதான். கணக்குப் பார்த்ததால் அவர் மகனைத் தடுக்கவில்லை. எவ்வளவு தேவை, யார் தருவது என்று தெரிந்துகொண்டு அனுப்பினார். கணக்கு தெரியாமல் அனுப்பப்படும் பிள்ளைதான் நடுவழியில் நிற்கிறான்.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், என் மேடைப்பேச்சைக் கேட்டு ஊக்கங்கொண்டு, தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு இசைக்குழு அமைத்தான். கருவிகளுக்குக் கடன் வாங்கினான். இரண்டே ஆண்டில் குழு கலைந்தது, கடன் நின்றது. இன்றும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் வேறு பக்கமாகப் போகிறான். அவனுக்கு நான் சாமிநாதையரைச் சொன்னேன், வேங்கடசுப்பையரைச் சொல்லவில்லை. அவன் கடன் வாங்கிய நாளில் நான் எங்கிருந்தேன் என்று அவன் கேட்டதில்லை. கேட்டால் என்னிடம் விடையில்லை. நானோ, உதவித்தொகை உண்டு என்ற ஒரே காரணத்தால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தவன். நான் ஏற்காத துணிவைப் பிறர் பிள்ளைக்கு எடுத்துரைத்தேன்.

முடிவுரை

ஒரு வாரம் கழித்து அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றேன். “அவங்க அப்பாதான் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினாருங்க, அவரும் கடன்காரர்தான்” என்றேன். அவர் சிரித்தார். “அப்படின்னா நம்ம மாதிரிதான்” என்றார். பிறகு ஒரு பழைய பயிற்சி ஏட்டை எடுத்து, மகளை அருகில் உட்காரவைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். ஆறாம் படிவம் எத்தனை மாதம், பேருந்துச் செலவு எவ்வளவு, புத்தகம் எவ்வளவு, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். அந்தக் கடைசி வரியை எழுதும்போது பெண்ணின் முகம் சற்று வாடியது. ஆனாலும் அவளே ஒரு வழி சொன்னாள். புத்தகச் செலவை நான் ஏற்றேன். சனிக்கிழமைகளில் இலக்கணம் சொல்லித்தரவும் ஒப்புக்கொண்டேன். அவள் தாயார் ஏட்டை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு, நாங்கள் மறந்துபோன தேர்வுக் கட்டணத்தை நினைவூட்டினார்.

அவள் இப்போது ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். அவள் வெல்வாளா என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. 1871இல் மாயூரத்தில் நின்ற இளைஞரைப் பற்றியும் யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி ‘என் சரித்திர’த்தை மாணவர்க்குச் சொல்லும்போது முதல் சந்திப்பில் நடந்த உணவுப் பேச்சையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவரை அழைத்து வந்த பெற்றோர் அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருப்பர். அந்தப் பகுதி அவர்களுக்கு உரியது. சொன்னபின், துணிந்து செல் என்று எந்தப் பிள்ளைக்கேனும் சொல்ல நேர்ந்தால், அந்தக் கணக்கில் நம் பங்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிவிடுவோம்.